நெல்லைச் சீமையிலிருந்து ராக் கச்சேரிக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தென்காசி, அம்பாசமுத்திரம், வள்ளியூர், பாளையங்கோட்டை என்று எந்த ஊரில் இருந்தாலும், பெரிய ராக் கச்சேரியை நேரில் கேட்க வேண்டுமென்றால் வண்டி ஏறித்தான் ஆக வேண்டும். சென்னை, பெங்களூரு, திருவனந்தபுரம், கொச்சி, இந்த நான்கில் ஒன்றுக்குத்தான் பெரும்பாலும் போக வேண்டியிருக்கும். அத்தனை தூரம் போய், நிற்கக் கூடாத இடத்தில் நின்று, பாட்டுக்குப் பதில் இரைச்சலைக் கேட்டுவிட்டு, காது அடைத்துப்போய்த் திரும்பி வருகிறவர்கள் நிறைய. முதல் தடவை போகிறவர்களும் அவர்களை அனுப்பிவைக்கிற வீட்டாரும் வழக்கமாகக் கேட்பவை கீழே.

எல்லாம் யூடியூப்லயே கெடக்கு. என்னத்துக்கு அவ்வளவு தூரம் போவணும்?

கோயில் கொடையில் நையாண்டி மேளத்துக்குப் பக்கத்தில் நின்றவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. தவிலும் பம்பையும் சேர்ந்து அடிக்கும்போது நெஞ்சுக்கூட்டில் ஒரு அதிர்வு ஏறுமே, அது எந்தப் பதிவிலும் வராது. பேஸ் கிட்டாரின் தடித்த கம்பி நொடிக்கு 41 முறை அதிர்கிறது. அந்த அளவு தாழ்ந்த ஒலியைக் கைப்பேசியின் சின்ன ஸ்பீக்கரால் எழுப்பவே முடியாது. சப்ஊஃபர்கள் எனப்படும், தாழ்ந்த ஒலிக்கென்றே செய்த 18 அங்குல ஸ்பீக்கர்கள் வரிசையாக வைத்த மைதானத்தில் அந்த ஒலி காதுக்கு வருவதற்கு முன்னால் கால் வழியாக ஏறிவிடும். இன்னொன்று, பதிவில் ஒரு பாட்டு எப்போதும் ஒரே நீளம். மேடையில் அது அன்றைய கூட்டத்தைப் பார்த்து நீளும், வேகம் பிடிக்கும், நடுவில் டிரம்மரும் பேஸ்காரரும் கண்ணாலேயே பேசி ஒரு திருப்பம் போடுவார்கள். அதைப் பார்க்கத்தான் போகிறோம்.

எந்த ஊருக்கு எந்தக் கச்சேரிக்குப் போவலாம்?

தமிழில் ராக் கேட்க விரும்பினால் சென்னைதான் முதலிடம். கானா, ராப், ராக் மூன்றையும் ஒரே மேடையில் கொண்டுவந்த தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் 2018 ஜனவரியில் கீழ்ப்பாக்கத்தில்தான் முதன்முதலில் மேடை ஏறியது. சென்னை ஐஐடியின் சாரங் விழா ஆண்டுதோறும் ஜனவரியில் நடக்கும். அதன் திறந்தவெளி அரங்கு படிக்கட்டுபோல் உயர்ந்து போவதால் குள்ளமானவர்களுக்கும் மேடை தெரியும்.

கேரளம் நமக்குப் பக்கம், ஆனால் நம் ஆட்கள் அதை மறந்துவிடுகிறார்கள். மலையாள நாட்டுப்பாட்டையும் ராக்கையும் சேர்த்த அவியல் திருவனந்தபுரத்துக் குழு. தைக்குடம் பிரிட்ஜும் மதர்ஜேனும் கேரளத்தில் நன்றாக வேரூன்றியவை. நாகர்கோவில்காரருக்குத் திருவனந்தபுரம் 70 கிலோமீட்டர்கூட இல்லை. கர்நாடக ராகங்களை ராக்கில் ஏற்றும் அகம் பெங்களூருவில் உருவானது. வெளிநாட்டுக் குழுக்களான அயர்ன் மெய்டன் 2007 மார்ச்சிலும், மெட்டாலிகா 2011 அக்டோபரிலும் பெங்களூரு அரண்மனை மைதானத்தில் வாசித்தன. மெட்டல் எனப்படும் கனத்த ராக் இசைக்கு அந்த ஊர் இன்னும் நல்ல ஊர்தான். ஆனால் இப்போது வெளிநாட்டுப் பெருங்குழுக்கள் மும்பை, அகமதாபாத் போன்ற இடங்களின் ஸ்டேடியங்களை நாடுவது கூடியிருக்கிறது. 2025 ஜனவரியில் கோல்ட்பிளே அகமதாபாத் நரேந்திர மோடி ஸ்டேடியத்தில் வாசித்தது அப்படித்தான்.

முதல் கச்சேரிக்கு ஸ்டேடியம் வேண்டாம். 300 முதல் 1,000 பேர் வரை கூடுகிற அரங்கு ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். டிக்கெட் விலை குறைவு, வாசிக்கிறவர் விரல் தெரியும், ஏதாவது சிக்கல் வந்தால் இரண்டு நிமிடத்தில் வெளியே வந்துவிடலாம்.

நவம்பர் கடைசி முதல் பிப்ரவரி வரைதான் கச்சேரிக் காலம். அதில் டிசம்பர் நடுப்பகுதி வரை சென்னைத் திறந்தவெளிக் கச்சேரிகளுக்கு வடகிழக்குப் பருவமழை ஆபத்து உண்டு.

டிக்கெட் விக்க ஆரம்பிச்ச அஞ்சு நிமிசத்துல தீந்து போவுதே, எப்படி எடுக்கது?

பெரிய குழுக்களுக்குத்தான் இந்தப் பாடு. 2024 செப்டம்பரில் கோல்ட்பிளேயின் மும்பைக் கச்சேரிக்கு விற்பனை தொடங்கியபோது தளமே முடங்கிப்போனது. நம் ஊர்க் குழுக்களுக்குக் கச்சேரிக்கு இரண்டு நாள் முன்புகூட டிக்கெட் கிடைப்பதுண்டு.

விற்பனை தொடங்க 15 நிமிடம் முன்பே செயலியைப் புதுப்பித்து, உள்நுழைந்து, ஓடிபி வேலையை முடித்துவிடுங்கள். பெயர், மின்னஞ்சல், முகவரி எல்லாம் முன்கூட்டியே சேமித்திருக்க வேண்டும். வரிசையில் எண் கிடைத்த பிறகு பக்கத்தைப் புதுப்பிக்காதீர்கள், இடம் பறிபோகலாம். ஒரே கணக்கை இரண்டு ஃபோனில் திறந்தால் சில தளங்கள் இரண்டையும் வெளியே தள்ளிவிடும். வீட்டு வைஃபையையும் மொபைல் டேட்டாவையும் சோதித்து, எது நிலையாக இருக்கிறதோ அதில் மட்டும் இருங்கள். அந்த நெரிசலில் யுபிஐ பெரும்பாலும் வங்கிப் பக்கத்தில் தொங்கும். மாற்றுக்கு ஒரு கார்டு வைத்திருப்பது நல்லது. பணம் போய் டிக்கெட் வரவில்லையென்றால் உடனே மறுபடியும் கட்டிவிடாதீர்கள். முதலில் ‘என் முன்பதிவுகள்’ பக்கத்தைப் பாருங்கள், பிறகு வங்கிக் குறுஞ்செய்தியைப் பாருங்கள். பதிவாகாத பணம் பெரும்பாலும் சில வேலை நாள்களில் தானாகத் திரும்பிவிடும்.

வாங்கும் முன் மூன்றைப் படியுங்கள்: வயது வரம்பு, நிற்பதா உட்காருவதா, உள்ளே போக அடையாளமாகக் கையில் கட்டும் மணிக்கட்டுப் பட்டை எப்படி வந்து சேரும். பட்டையைக் கூரியரில் அனுப்புவதாக இருந்தால், கிராமத்து முகவரிக்கு அது கச்சேரி முடிந்த பிறகு வந்து சேர்ந்த கதைகள் உண்டு. அரங்கிலேயே வாங்கிக்கொள்ளும் வசதி இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள்.

வாட்ஸ்அப்பில் பிடிஎஃப் அனுப்பி விற்கிறவர்களிடம் வாங்கவே வாங்காதீர்கள். ஒரே பிடிஎஃபை ஐந்து பேருக்கு விற்றிருப்பார்கள். வாசலில் முதலில் ஸ்கேன் செய்தவர் மட்டும் உள்ளே போவார். மற்ற நால்வரும் ரயில் டிக்கெட்டோடு வெளியே நிற்பார்கள். செயலிக்குள்ளேயே பெயர் மாற்றித் தருகிற வசதி இருந்தால் மட்டும் அடுத்தவரிடம் வாங்கலாம்.

ரயில் கணக்கை எப்படிப் போடது?

போவதற்கு அல்ல, திரும்புவதற்குத்தான் முதலில் கணக்குப் போட வேண்டும். திறந்தவெளியில் ஒலிபெருக்கி இரவு 10 மணிக்கு நின்றாக வேண்டும் என்பது 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின் கட்டளை. சில விழா நாள்களுக்கு மட்டும் அரசு நள்ளிரவு வரை விலக்குத் தரலாம். ஆகவே கச்சேரி 10 மணிக்கு முடிகிறது. சென்னை எழும்பூரிலிருந்து தெற்கே வரும் நெல்லை, அனந்தபுரி, முத்துநகர், கன்னியாகுமரி வண்டிகளெல்லாம் மாலை 5 மணிக்கும் இரவு 9 மணிக்கும் இடையில் கிளம்பிவிடும். கடைசிப் பாட்டையும் கேட்டுவிட்டு அன்றிரவே ரயிலும் பிடிக்கலாம் என்று நம்பி ஏமாந்தவர்கள் அதிகம்.

சனிக்கிழமைக் கச்சேரிக்குச் சரிப்பட்டு வருகிற கணக்கு இது. வெள்ளி இரவு நெல்லை எக்ஸ்பிரஸ், சனி காலை எழும்பூர். அறையில் குளித்து நன்றாகத் தூங்கி எழுந்து மாலை கச்சேரி. ஞாயிறு பிற்பகல் வந்தே பாரத் பிடித்தால் இரவு 11 மணிக்குள் நெல்லை ஜங்ஷன். வந்தே பாரத்துக்கு வார விடுமுறை நாள் உண்டு, கச்சேரி வார நாளில் என்றால் அதைப் பார்த்துக்கொள்ளுங்கள். அன்றிரவே கிளம்பியாக வேண்டும் என்றால் கிளாம்பாக்கத்திலிருந்து பின்னிரவில் புறப்படும் பேருந்துதான் வழி. நந்தனம் பக்கம் கச்சேரி என்றால் கிளாம்பாக்கம் போய்ச் சேர ஒரு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். மெட்ரோ ரயில் 11 மணியோடு முடிந்துவிடும்.

பெங்களூருக்கு நாகர்கோவிலிலிருந்து வரும் இரவு வண்டி நெல்லை வழியாகப் போய்க் காலையில் சேரும். திரும்பி வரும் வண்டி மாலையிலேயே கிளம்பிவிடுவதால் மறுநாள் மாலைதான் ஏற முடியும். திருவனந்தபுரத்துக்குத் திருச்சி இன்டர்சிட்டி நம் ஊரைத் தொட்டுக்கொண்டு பிற்பகலில் போய்ச் சேரும். கொச்சிக்குச் செங்கோட்டை, புனலூர் வழியாகப் போகும் பாலருவி எக்ஸ்பிரஸ் இரவில் ஏறிக் காலையில் இறங்க வசதி. எல்லாவற்றுக்கும் முன்பதிவு 60 நாள் முன்னதாகத் திறக்கும். 2024 நவம்பருக்கு முன் அது 120 நாளாக இருந்தது, பழைய நினைப்பில் தேதியைக் கணக்குப் போடாதீர்கள். கச்சேரி அறிவிப்புத் தாமதமாக வந்தால் தட்கல்: முந்தைய நாள் காலை 10 மணிக்கு ஏசி, 11 மணிக்கு ஸ்லீப்பர்.

எங்கன நின்னா பாட்டு நல்லா கேக்கும்?

இந்தக் கேள்வியை எல்லாரும் கேட்க வேண்டும், ஆனால் கேட்பவர் குறைவு.

மேடைக்கு எதிரே, கூட்டத்தின் நடுவில், கம்பித் தடுப்புக்குள் ஒரு மேசையில் ஒலிப்பொறியாளர் உட்கார்ந்திருப்பார். நம் ஊர்க் கச்சேரியில் மைக் செட்காரர் மிக்ஸர் வைத்து உட்காருகிற அதே வேலைதான். அவர் தன் காதுக்கு எது சரியாகக் கேட்கிறதோ அதன்படிதான் எல்லா இசைக்கருவியையும் கூட்டிக் குறைக்கிறார். ஆகவே அந்த மேசைக்கு இரண்டு மீட்டர் முன்னால், இடது வலது ஸ்பீக்கர்களுக்கு நடுவில் நின்றால் அவர் கேட்பதே உங்களுக்கும் கேட்கும். அரங்கிலேயே நல்ல இடம் அதுதான், அதற்குத் தனி விலையும் கிடையாது.

தடுப்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு முதல் வரிசையில் நின்றால் முகம் தெரியும், பாட்டு தெரியாது. பெரிய ஸ்பீக்கர்கள் உயரத்தில் தொங்கி உங்கள் தலைக்கு மேலாகப் பின்கூட்டத்தைப் பார்த்துப் பேசுகின்றன. உங்களுக்கு வருவது மேடையிலுள்ள கிட்டார் ஆம்பின் (கிட்டார் ஒலியைப் பெருக்கும் பெட்டி) நேரடிச் சத்தமும் டிரம்ஸின் வெற்றுச் சத்தமும்தான். பாடகர் குரல் அடியில் அமுங்கிவிடும். மேடை விளிம்பில் முன்வரிசைக்கென்று சிறிய ஸ்பீக்கர்கள் வைத்திருந்தால் கொஞ்சம் பரவாயில்லை. பக்கவாட்டில் தரையில் அடுக்கிய ஸ்பீக்கருக்கு நேர் எதிரே மட்டும் நிற்காதீர்கள், கூட்டம் அங்கே குறைவாக இருக்கிறதே என்று ஆசைப்பட்டாலும்.

பேஸ் மட்டும் அதிகமாக முட்டி, மற்றதெல்லாம் மங்கினால் இரண்டு எட்டு பக்கவாட்டில் நகர்ந்து பாருங்கள். இடமும் வலமும் வைத்த சப்ஊஃபர்களின் ஒலி நடுக்கோட்டில் ஒன்றுசேர்ந்து வலுக்கும், சற்றுத் தள்ளினால் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு மெலியும். உள்ளரங்கில் பின்சுவரை ஒட்டியும் மூலையிலும் பேஸ் தேங்கும். பால்கனிக்கு அடியில் நின்றால் உயர்ந்த ஒலி வந்து சேராது. கல்லூரி ஆடிட்டோரியங்களின் சிமென்ட் சுவரும் கண்ணாடியும் எதிரொலியைப் பெருக்கும். அங்கே ஒத்திகையில் மோசமாகக் கேட்டது கூட்டம் நிறைந்தபின் தெளிவாவது உண்டு, ஏனென்றால் மனித உடலும் துணியும் ஒலியை உறிஞ்சும்.

திறந்தவெளியில் காற்றும் விளையாடும். ஆடி மாதத்து மேல்காற்று எப்படிக் கோயில் மைக் சத்தத்தை ஒரு நேரம் ஊருக்குள் தள்ளி, ஒரு நேரம் குளத்துக்கு அப்பால் கொண்டுபோகிறதோ அப்படித்தான். பின்னால் நிற்பவர்களுக்குச் சத்தம் அலையலையாக வந்து போகும். முன்னே நகர்வதைத் தவிர வேறு வழியில்லை. ஒலி நொடிக்கு ஏறத்தாழ 345 மீட்டர் போகிறது. 100 மீட்டர் தள்ளி நின்றால் திரையில் டிரம் குச்சி விழுந்து கால் நொடிக்கு மேல் கழித்துத்தான் அடி கேட்கும். நல்ல ஏற்பாட்டாளர்கள் நடுமைதானத்தில் தனி ஸ்பீக்கர் கோபுரம் வைத்து அந்த இடைவெளியைச் சரிக்கட்டுவார்கள். பின்வரிசை டிக்கெட் வாங்கியிருந்தால் அந்தக் கோபுரத்துக்கு 10, 15 மீட்டர் பின்னால் நில்லுங்கள்.

காதுல எதையாவது வச்சுக்கிட்டா பாட்டு கேக்க முடியுமா?

முடியும், தெளிவாகவே கேட்கும். தயவுசெய்து வைத்துக்கொள்ளுங்கள்.

கணக்கு எளியது. 85 டெசிபல் சத்தத்தில் காது 8 மணி நேரம் தாங்கும். ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகும்: 88இல் 4 மணி, 91இல் 2 மணி, 94இல் 1 மணி, 97இல் அரை மணி, 100இல் 15 நிமிடம். ராக் கச்சேரியின் முன்பகுதியில் 100 முதல் 110 வரை சாதாரணம், கச்சேரியோ இரண்டரை மணி நேரம். உள்காதிலுள்ள மயிர் உயிரணுக்கள் ஒருமுறை செத்தால் மறுபடி முளைக்காது.

இயர்பிளக் இரண்டு வகை. மெடிக்கலிலும் பாதுகாப்புச் சாமான் விற்கும் கடைகளிலும் கிடைக்கும் மிருதுவான ஃபோம் வகை மலிவு. உறையில் 30 டெசிபல் குறைக்கும் என்று போட்டிருந்தாலும், சரியாக வைக்காவிட்டால் பாதிகூடத் தேறாது. வைக்கும் முறை: கையைக் கழுவி, இரண்டு விரலுக்கு நடுவில் திரிபோல மெல்லியதாக உருட்டுங்கள். மறுகையைத் தலைக்குப் பின்னால் கொண்டுபோய்க் காதுமடலை மேலும் பின்னுமாக இழுங்கள். திரியை உள்ளே செலுத்தி, 30 நொடி விரலால் அமுக்கிப் பிடியுங்கள், அதற்குள் அது விரிந்து அடைத்துக்கொள்ளும். கண்ணாடியில் பார்த்தால் பிளக் வெளியே துருத்திக்கொண்டு தெரியக் கூடாது. ஃபோமின் குறை, உயர்ந்த ஒலிகளை அதிகம் விழுங்கிவிடும். சிம்பலும் பாட்டின் சொற்களும் மங்கும்.

இசைக்கென்றே செய்த ஃபில்டர் வகை சிலிகான் பிளக் எல்லா ஒலியையும் ஏறத்தாழ ஒரே அளவில் 15 முதல் 20 டெசிபல் குறைக்கும். ஃபோமைவிடப் பலமடங்கு விலை, ஆனால் கழுவிக் கழுவிப் பல ஆண்டு வைத்துக்கொள்ளலாம். வருடத்துக்கு இரண்டு கச்சேரி போகிறவர் இதைத்தான் வாங்க வேண்டும். பஞ்சும் டிஷ்யூ காகிதமும் எதற்கும் உதவாது. வாக்மேன் காலத்து ஹெட்ஃபோனும் அப்படியே.

முதல் பாட்டுக்கு முன்பே வையுங்கள். முதல் இரண்டு பாட்டுக்கு ‘ஏதோ அடைத்தாற்போல்’ இருக்கும், மூன்றாவதில் பழகிவிடும். பக்கத்திலிருப்பவரோடு பேச அதை எடுக்க வேண்டாம், சத்தம் குறைந்தபடியால் பேச்சும் உண்மையில் தெளிவாகவே கேட்கும். சிறு பிள்ளைகளைக் கூட்டிப்போனால் காதை முழுக்க மூடும் இயர்மஃப் கட்டாயம். இதே பிளக் கொடைக்கும் உதவும்: மேளக்காரர்கள் பக்கத்திலும் கூம்புக் குழாய்க்கு அடியிலும் மணிக்கணக்கில் நிற்கிற பிள்ளைகளின் காதும் காதுதானே.

ஏழு மணின்னு போட்டிருக்கு, எட்டரை ஆவுது, இன்னும் ‘செக் செக்’னே சொல்லுதாங்க. என்ன பண்ணுதாங்க?

டிக்கெட்டில் போட்டிருப்பது பெரும்பாலும் கதவு திறக்கும் நேரம். முதலில் துணைக்குழு, கடைசியில்தான் பெரிய குழு. ஒலிச்சோதனையோ தலைகீழாக நடக்கும்: பெரிய குழு பிற்பகலிலேயே முதலில் சோதித்துவிடும், முதலில் வாசிக்க வேண்டிய குழுவுக்கு மிச்சமிருக்கும் பத்து நிமிடம்தான். அவர்கள் சத்தம் சுமாராகக் கேட்பதற்கு அது ஒரு காரணம், வாசிப்பைக் குறை சொல்ல வேண்டாம்.

இரண்டு குழுக்களுக்கு நடுவில் 20 முதல் 40 நிமிடம் போகும். டிரம்ஸை மாற்றி, ஒவ்வொரு மைக்காகத் தட்டி, ஒவ்வொரு ஒயரும் சரியான வாயிலுக்குப் போகிறதா என்று பார்க்கிறார்கள். தண்ணீர் குடிக்க, கழிப்பறை போக இதுதான் நேரம். வாசிக்கும்போது கிட்டார்காரர் மேலே விரலைக் காட்டினால் உங்களைக் கத்தச் சொல்வதாக நினைக்காதீர்கள். தனக்குக் கேட்கவென்று காலடியில் வைத்த மானிட்டர் ஸ்பீக்கரில் தன் சத்தத்தைக் கூட்டச் சொல்லி ஓரத்திலிருக்கிற பொறியாளருக்குக் காட்டும் சைகை அது. திடீரென்று ‘குய்’யென்று ஒரு கூச்சல் வந்தால், ஸ்பீக்கரில் வந்த ஒலியை மைக் மறுபடி வாங்கிச் சுற்றிச்சுற்றிப் பெருக்கிவிட்டது என்று பொருள்.

ஆளை ஆள் இடிச்சுக்கிட்டு ஆடுதாங்களே, அடிபடாதா?

மெட்டல் கச்சேரிகளில் கூட்டத்தின் நடுவே ஒரு வட்டம் உருவாகும். மாஷ் பிட் என்பார்கள். அதற்கு எழுதாத சட்டம் உண்டு: விழுந்தவரை அந்த நொடியே தூக்க வேண்டும், முழங்கையை உயர்த்தக் கூடாது, விரும்பாதவரை உள்ளே இழுக்கக் கூடாது. விருப்பமில்லாதவர்கள் வட்டத்திலிருந்து ஐந்து மீட்டர் தள்ளி நின்றால் போதும். கண்ணாடி, கைக்கடிகாரம், சங்கிலி எல்லாம் கழற்றி ஜிப் வைத்த பைக்குள்.

பிட்டைவிடப் பயப்பட வேண்டியது நெரிசலுக்குத்தான். 2011இல் குருகிராமில் மெட்டாலிகா கச்சேரியில் முன்தடுப்பு உடைந்து, ஒரு பாட்டுகூட ஒலிக்காமல் நிகழ்ச்சி நின்றுபோனது. ஆனித் தேரன்று நெல்லையப்பர் ரதவீதியில் வடம் நகரும்போது கூட்டம் உங்களைத் தூக்கிக்கொண்டு போகிற உணர்வு தெரியுமா? ஒரு சதுர மீட்டரில் நான்கு பேர் வரை நீங்களாக நகரலாம். ஐந்துக்கு மேல் போனால் எச்சரிக்கை. ஆறு, ஏழு என்றால் கூட்டம் நீர்போல அலையடிக்கும், உங்கள் கால் உங்கள் வசத்தில் இருக்காது. கையைத் தூக்கி முகத்தைத் தொட இடமில்லாமல் போனால் அதுவே வெளியேற வேண்டிய அடையாளம், பிடித்த பாட்டாக இருந்தாலும்.

வெளியேறும் முறை: இரண்டு கையையும் மார்புக்கு முன்னால் மடக்கி வைத்து மூச்சுக்கு இடம் வைத்துக்கொள்ளுங்கள். அலை வரும்போது எதிர்த்துத் தள்ளாதீர்கள், அதன் போக்கில் போங்கள். அலை ஓய்கிற நொடியில் குறுக்காகப் பக்கவாட்டுக்கு இரண்டு எட்டு. இப்படியே ஓரத்துக்கு. கீழே விழுந்த ஃபோனை எடுக்கக் குனியவே கூடாது. முன்வரிசையில் சிக்கியிருந்தால் தடுப்புக்கு அந்தப் பக்கம் நிற்கும் காவலர்களிடம் கை காட்டுங்கள், மேலாகத் தூக்கி எடுத்துவிடுவார்கள்.

பொம்பளப்பிள்ளைய தனியா அனுப்பலாமா?

போகலாம், போகிறார்கள். முதல் தடவை தோழிகளோடு போவதும், உட்காரும் டிக்கெட் எடுப்பதும் நல்லது. தங்கும் அறை அரங்கிலிருந்து மெட்ரோவில் ஒரே வண்டியில் போகிற தூரத்தில் இருக்கட்டும். கச்சேரி முடிந்ததும் ஆயிரக்கணக்கானோர் ஒரே நேரத்தில் வாடகைக் கார் தேடுவார்கள், விலை இரண்டு மூன்று மடங்காகும், சிக்னலும் கிடைக்காது. கடைசிப் பாட்டுக்கு முன்பே கிளம்பலாம், அல்லது முடிந்தபின் அரை மணி நேரம் உள்ளேயே வெளிச்சத்தில் உட்கார்ந்திருந்துவிட்டு 500 மீட்டர் நடந்து பெரிய சாலைக்கு வந்து வண்டி கூப்பிடலாம். கூட்டத்தில் யாராவது தொந்தரவு செய்தால் சத்தமாகச் சொல்லுங்கள். ராக் ரசிகர்கள் பெரும்பாலும் உடனே சுற்றி நின்றுவிடுவார்கள். மேலும் உதவிக்கு 181 (பெண்கள் உதவி எண்), 112 (அவசர உதவி எண்).

மது விற்கும் அரங்குகளில் வயது பார்த்துத்தான் உள்ளே விடுவார்கள். குடிக்கும் வயது தமிழ்நாட்டில் 21, கேரளத்தில் 23. அசல் அடையாள அட்டை கையில் இருக்கட்டும்.

என்ன கொண்டுபோவணும், என்ன சாப்பிடணும்?

நன்கு பழகிய மூடிய ஷூ. புது ஷூ வேண்டாம், செருப்பு வேண்டவே வேண்டாம். பருத்திச் சட்டை. பை சின்னதாக இருக்க வேண்டும், பெரிய பையை வாசலில் தடுத்து விடுவார்கள், வைக்கவும் இடம் இருக்காது. தண்ணீர்ப் பாட்டில், பவர்பேங்க், குடை பல இடங்களில் அனுமதி இல்லை. டிக்கெட்டின் பின்குறிப்பைப் படித்துவிட்டுக் கட்டுங்கள். வெளியே போனால் மறுபடி உள்ளே விடமாட்டார்கள் என்பதையும் நினைவில் வையுங்கள்.

கதவு திறப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பு வயிறாரச் சாப்பிட்டுவிடுங்கள். ரயிலுக்குக் கட்டிய புளிச்சோறும் மிளகாய்ப்பொடி தடவிய இட்லியும் மாலை வரை தாங்கும், உள்ளே விற்கும் பண்டத்தைவிட நல்லது. நான்கு மணி நேரம் நின்றால் வியர்வையில் உப்பும் போகும். ஓஆர்எஸ் பொட்டலம் ஒன்று சட்டைப்பையில் இருக்கட்டும். இல்லாவிட்டால் கிளம்பும் முன் ஒரு லிட்டர் தண்ணீரில் ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு தலைதட்டிக் கலந்து கொஞ்சம் கொஞ்சமாகக் குடியுங்கள்.

வீடியோ ஒரு பாட்டுக்குப் போதும். அதிக சத்தத்தில் ஃபோன் மைக் கரகரத்துவிடும், பின்னால் நிற்பவருக்கு உங்கள் கை மறைக்கும்.

கச்சேரி முடிஞ்சு ரெண்டு நாளாச்சு, காதுல கொய்யின்னு கேக்கு. சரியாயிருமா?

காது மந்தமாக இருப்பதும் ரீங்காரமும் பெரும்பாலும் ஒன்றிரண்டு நாளில் குறையும். அதுவரை இயர்ஃபோன், மிக்சி, பட்டாசு எல்லாவற்றிலிருந்தும் விலகி இருங்கள். காதில் எண்ணெய் ஊற்றக் கூடாது, பட்ஸ் விட்டுக் குடையக் கூடாது. இரண்டு நாளுக்கு மேல் நீடித்தால் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் கேள்திறன் சோதனை செய்துகொள்ளுங்கள். ஒரு காது மட்டும் திடீரென்று கேட்காமல் போனாலோ தலைசுற்றல் இருந்தாலோ அன்றைக்கே போக வேண்டும், சிகிச்சை எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு பலன்.

இதெல்லாம் நம்ம பாளையங்கோட்டையிலயே நடத்த முடியாதா?

வாசிக்கிற ஆளுக்குப் பஞ்சமில்லை. பாளை, நாசரேத், தூத்துக்குடி ஆலயங்களில் கீபோர்டும் பேஸும் டிரம்ஸும் சின்ன வயதிலேயே கற்றுக்கொள்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள். கொடைக்கு வரும் இன்னிசைக் குழுக்களில் நல்ல கிட்டார் கைகள் இருக்கின்றன. 300 பேர் உட்காரும் கல்லூரி அரங்கில் தொடங்குவதே சரி, மூடிய அரங்குக்கு 10 மணிக் கட்டுப்பாட்டில் விலக்கும் உண்டு. காவல்துறையிடம் அனுமதிக் கடிதம் முன்கூட்டியே வாங்க வேண்டும். பிறருடைய பாட்டை வாசித்துக் கட்டணம் வாங்கினால் பாடலாசிரியர், இசையமைப்பாளர் உரிமையைக் கவனிக்கும் ஐபிஆர்எஸ் அமைப்பின் உரிமமும் வேண்டும்.

ஏற்பாடு செய்பவர்கள் அதிகம் தவறவிடுவது மின்சாரத்தில். கிட்டார் ஆம்ப் ஒரு பிளக்கிலும் மைக் செட் வேறொரு அறையின் பிளக்கிலும் செருகி, ஒன்றில் எர்த் சரியில்லை என்றால், கிட்டார் கம்பியைப் பிடித்துக்கொண்டு பாடுகிறவர் உதடு மைக்கில் பட்டதும் ஷாக் அடிக்கும். உயிரே போகலாம். மேடைக்கு வரும் எல்லா மின்சாரத்தையும் ஒரே பெட்டியிலிருந்து, ஒரே எர்த்தோடு எடுங்கள். அந்தப் பெட்டியில் மின்சாரம் கசிந்தால் உடனே நிறுத்துகிற 30 மில்லியாம்பியர் கசிவுத் துண்டிப்பான் இருக்க வேண்டும். ஒயர்மேனை வைத்து எர்த்தைச் சோதித்த பிறகே யாரையும் மைக்குக்குப் பக்கத்தில் விடுங்கள். இரைச்சல் வருகிறது என்று மூன்றாவது முனையை உடைத்த பிளக்கோடு வருகிற ஆம்ப் இருந்தால், எவ்வளவு பெரிய வாசிப்பாளருடையதாக இருந்தாலும் அதை மேடையில் ஏற்றாதீர்கள்.